சோதனைக்கு ஒரு சீவல்

இருதயராஜ் வீட்டு மாடி அறையில் இரும்பு கடையும் சின்ன லேத் ஒன்று இருந்தது. அதன் வாயில் கட்டைவிரல் பருமனுக்கு ஓர் இரும்புத் தண்டு. மனைவி பிலோமினாவின் தையல் மிஷினுக்கு அச்சு கடைவதற்காக வாங்கி வந்தது.

"அண்ணே, நான் எப்போ அச்சாவேன்?" என்று தண்டு கேட்டது.

"எனக்கென்னடா தெரியும்? நல்லா இருந்த பேரிங்கைக் கழற்றினார், மோட்டாரை மாத்தினார். எனக்கே என் உடம்பு அடையாளம் தெரியல" என்றது லேத், அலுப்போடு.

எதை மாற்றினாலும், சரியாக ஓடுகிறதா என்று பார்க்க இருதயராஜ் தண்டில் ஒரு சீவல் சீவி அளப்பார். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் பருமனில் முடியளவு வித்தியாசம் இருக்கும். உச்சுக்கொட்டி, திருகாணியை முடுக்கி, மறுபடி சீவுவார்.

"அண்ணே, மெலிஞ்சுக்கிட்டே போறேன். அவர்கிட்ட சொல்லுங்களேன்."

"கத்திப் பார்த்துட்டேன்டா. சத்தம் வருதுன்னு எண்ணெய் விட்டுட்டுப் போயிட்டார்."

ஒருநாள் இரண்டு முனையும் ஒரே அளவு காட்டின. "பிலோமினா, லேத் இப்போ கச்சிதம்!" என்று கத்திக்கொண்டே இருதயராஜ் தண்டைக் கழற்றினார். அதை மிஷினில் செருகிப் பார்த்தார். பென்சில் போல் இளைத்திருந்த தண்டு ஓட்டைக்குள் லொடலொடவென்று ஆடியது. அதைக் குப்பைத் தகரத்தில் போட்டுவிட்டு, புதுத் தண்டு ஒன்றை லேத்தில் மாட்டினார்.

"அண்ணே, என்னை அச்சாக்கப் போறீங்களாமே!" என்றது புதுசு.

"அந்தப் பெல்ட்டை மட்டும் மாத்திட்டா இன்னும் நல்லா இருக்கும்" என்று முணுமுணுத்தபடி இருதயராஜ் ஸ்பேனரைத் தேடினார்.

லேத் புதுசைப் பார்த்தது.

"நீ இன்னும் கொஞ்சம் தடியா வந்திருக்கக் கூடாதாடா?"