காற்று வரும் வழி

"கதவைச் சாத்து மாப்ளே! ப்ரொமாயா அடிக்குது! என் கழுத்து என்ன ரப்பரா?"

மூடிய அறைக்குள்ளிருந்து மாமனார் ஒப்ரென் போட்ட கூச்சல், வால்யேவோ நகரத்தின் பாதித் தெருவுக்குக் கேட்டிருக்கும். ராதோமிர் கூடத்துக் கதவைச் சாத்தினான்.

எதிரெதிரே இரண்டு திறப்புகள் இருந்தால் ஊடே பாய்கிற காற்றுதான் ப்ரொமாயா. அது பட்டால் கழுத்து பிடித்துக்கொள்ளும், பல் வலிக்கும் என்பதில் அந்த ஊரில் டாக்டர்களுக்கே சந்தேகம் கிடையாது. ஆனாலும் மாமனார் அளவுக்கு அதற்குப் பயந்தவர் யாருமில்லை. இரண்டு வருடமாக அவர் அறைக் கதவு மூடியே கிடந்தது. ஜூலை மாதத்திலும் கழுத்தில் கம்பளி மஃப்ளர்.

"எல்லாம் நீ ஜன்னல் மாட்டின லட்சணம்!" என்றது உள்ளிருந்த குரல்.

ராதோமிருக்குச் சுருக்கென்றது. பழைய ஜன்னல்களைப் பெயர்த்துவிட்டு மூன்றடுக்குக் கண்ணாடி ஜன்னல்களை, இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு கோடை முழுக்கத் தன் கையாலேயே பதித்தவன் அவன். பாதி விலையை அரசு கொடுத்தது. இன்று சோதனை. தேறாவிட்டால் அத்தனையையும் கழற்றி மறுபடி பதிக்க வேண்டும். அதைவிட, மாமனாரின் வாயைச் சாகும்வரை கேட்க வேண்டும்.

சோதிக்க வந்த எஞ்சினியர் வேஸ்னா, வாசல் நிலையில் சிவப்புத் துணியை இழுத்துக் கட்டி, அதன் நடுவில் பெரிய விசிறி ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தாள்.

ராதோமிரின் மனைவி யெலிட்சா விருந்தாளிக்கு ஒரு கரண்டி பழப்பாகும், சின்னக் கோப்பையில் பிளம் பழச் சாராயமான ராக்கியாவும் கொண்டுவந்தாள்.

"உங்க அப்பாவுக்கு இல்லையா?" என்றாள் வேஸ்னா.

"அவருக்கு மூலிகை டீதான். ராக்கியாவைத் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். பீப்பாயை விறகுக் கொட்டகைல வெச்சுப் பூட்டிட்டேன். சாவி என்கிட்ட," என்று ஏப்ரன் பையைத் தட்டினாள் யெலிட்சா.

"காத்தை அளக்க ஒரு சட்டமா? கவர்மெண்டுக்கு வேற வேலை இல்லையா?" என்றது அறை.

வேஸ்னா சிரித்தாள். "தாத்தா, வீட்ல ஓட்டை இருந்தா சூடு வெளிய போயிடும். நீங்க விறகைக் கொளுத்தி வானத்துக்குக் குளிர் காய வெச்ச மாதிரி ஆகும். புகைதான் மிச்சம். இந்த விசிறி உள்காத்தை வெளிய இழுக்கும். எங்கெல்லாம் ஓட்டை இருக்கோ அது வழியா வெளிக்காத்து உள்ள வரும். ஒரு மணி நேரத்துல வீட்டுக் காத்து எத்தனை தடவை மாறுதுன்னு மீட்டர் திரை காட்டிடும். மூணைத் தாண்டாம இருந்தா பாஸ். ஆனா உள்கதவெல்லாம் திறந்திருக்கணும்."

"என் கதவுமா?"

"உங்க கதவும்தான்."

அவர் துள்ளி எழுந்த சத்தம் கேட்டது. பிறகு, "இரு, சட்டை மாத்திக்கிறேன்!" என்று அவசரக் குரல். ஏதோ இழுபட்டது. கட்டில் கிறீச்சிட்டது. கதவு திறந்தபோது அவர் அதே சட்டையில்தான் நின்றார்.

விசிறி உறுமியது. திரையில் மூன்று புள்ளி நான்கு.

"போச்சு," என்றான் ராதோமிர்.

"நான் அப்பவே சொல்லல?" என்றார் ஒப்ரென். ஆனால் குரலில் வழக்கமான காரம் இல்லை.

வேஸ்னா பேனா போன்ற குழலிலிருந்து புகையைக் கசியவிட்டபடி ஜன்னல் ஜன்னலாகப் போனாள். ஓட்டை இருந்தால் புகை சாயும். எங்கும் சாயவில்லை, திரி மாதிரி நேராக நின்றது. ராதோமிரின் நெஞ்சு ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு அங்குலம் நிமிர்ந்தது.

மிச்சமிருந்தது மாமனார் அறை. அங்கே கட்டில் தலைமாட்டில் தொங்கிய காலண்டர், காற்றடைத்த பை மாதிரி சுவரைவிட்டுப் புடைத்துக்கொண்டு நின்றது.

ராதோமிருக்கு ஞாபகம் வந்தது. ஜன்னல் வேலை முடிந்த கையோடு, காலண்டர் மாட்ட வேண்டும் என்று மாமனார் அவனுடைய துளைபோடும் மெஷினை வாங்கிப் போனார். ஓர் ஆணிக்கு அரை நாள் சத்தம் கேட்டது.

வேஸ்னா காலண்டரைத் தூக்கினாள். பின்னால் விரல் பருமனுக்கு ஓட்டை. அதன் வழியே சில்லென்று பாய்ந்த காற்றில் பிளம் வாசனை.

"சுவருக்கு அந்தப் பக்கம் என்ன?"

"விறகுக் கொட்டகை... சுவரை ஒட்டித்தான் பீப்பாய்..." என்ற யெலிட்சா, பாய்ந்து போய் மெத்தையைப் புரட்டினாள். சுருட்டிவைத்த ரப்பர் குழாய். ஒரு நுனியில் தக்கை. "அப்பா! ரெண்டு வருஷமா கதவை மூடிட்டு இதுதானா?"

"கதவைத் திறக்கணும்னதும் உருவிட்டேன்ல?" என்றார் ஒப்ரென் பரிதாபமாக.

குழாயை ஓட்டையில் வைத்துப் பார்த்த வேஸ்னாவின் கண்கள் மின்னின. "அட, இம்மி இடைவெளி இல்லாம கச்சிதமா இருக்கே! தாத்தா, பழையபடி சொருகுங்க."

பழகிய கைகள் கண்மூடித் திறப்பதற்குள் சொருகின. விசிறி மறுபடி ஓடியது. இரண்டு புள்ளி ஒன்பது.

"பாஸ்!" என்றாள் வேஸ்னா. ராதோமிர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினான்.

யெலிட்சா பல்லைக் கடித்துக்கொண்டு குழாயைப் பிடுங்கப் போனாள்.

"தொடாதீங்க!" என்று தடுத்தாள் வேஸ்னா. "அளந்தப்போ வீடு எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கணும். எதையாவது கழட்டினா சான்றிதழ் செல்லாது. விதி அப்படி."

ஒப்ரென் இரண்டு வருடத்தில் முதல்முறையாக மஃப்ளரை அவிழ்த்துக் கட்டில்மேல் போட்டார்.

"கேட்டுக்கோ யெலிட்சா, இனிமே இந்த வீட்ல கவர்மெண்டைப் பத்தி எவனாவது தப்பாப் பேசினா எனக்குக் கெட்ட கோபம் வரும்!"