வாளி இருந்த இடம்

போட்டி அரங்கின் தரையில் ஒரு தூசு கிடையாது. ஆனாலும் மெஹரின் குழு செய்த ரோபோ, ஒத்திகையில் ஒவ்வொரு முறையும் பாதி வழியில் எதற்கோ ஒதுங்கி, அரைவட்டம் அடித்துத்தான் போனது. சக்கரத்தைக் கழற்றி மாட்டினார்கள், பேட்டரியை மாற்றினார்கள், சென்சாரைத் துடைத்தார்கள். "அடுத்து நம்மளத்தான் கூப்பிடுவாங்க. இப்படியே விட்ரலாம்டி," என்றாள் இன்பவல்லி. "விடுறதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்? இன்னொரு தடவ ஓட்டு," என்ற மெஹர், இம்முறை குனிந்தபடி ரோபோவின் பின்னாலேயே நடந்தாள். பாதி வழியில் அவளுடைய கால்களும் ஒதுங்கின. அப்படியே நின்றுவிட்டாள். அவர்கள் ரோபோவை ஓட்டிப் பழகிய பள்ளி ஆய்வகத்தில், கூரை ஒழுகும் இடத்தில் மழைக்கு வைத்த வாளி, வெயில் வந்த பிறகும் எடுக்க யாருக்கும் உடம்பு வணங்காத வாளி, சரியாக இதே பாதி வழியில்தான் இருக்கும். அதை நகர்த்துவதை விட்டுவிட்டு, சுற்றிப் போக ரோபோவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மெஹர் தரையிலேயே சப்பணமிட்டு அமர்ந்து, லேப்டாப்பில் அந்த நிரல் வரிகளைத் தேடி அழித்தாள். ஒலிபெருக்கி அவர்கள் பள்ளியின் பெயரைக் கூப்பிட்டது. ரோபோ கொஞ்சமும் தயங்காமல் நேராகப் போனது. "போகுதுடி!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடிய இருவரும், பாதி வழியில் ஆளுக்கொரு பக்கமாக ஒதுங்கி, மறுபடி சேர்ந்து ஓடினார்கள்.