வட்டு மறையும் ஆழம்

ஏரியின் நடுவில், ஆழம் மிகுந்த இடத்தில், பிரிஸ்டுபா படகின் மோட்டாரை அணைத்தார்.

மூரியல் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். நிழல் விழும் பக்கமாகக் குனிந்து, கறுப்பும் வெள்ளையுமான வட்டுத் தகட்டைக் கயிற்றில் இறக்கினார்.

வட்டு எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ, அதுதான் தண்ணீரின் தெளிவுக்கு அளவு. ஏரிக்கரையில் கோடை வீடு வைத்திருக்கும் காட்டேஜ்காரர்களின் சங்கத்துக்காக இருபத்திரண்டு கோடைகளாக மூரியல்தான் அளக்கிறார்.

முன்பெல்லாம் ஏழு மீட்டர். மூன்று வருடங்களாகக் குறைந்துகொண்டே வந்தது.

மூன்று வருடங்களுக்கு முன்புதான் பிரிஸ்டுபா ஹாமில்டன் நகரத்திலிருந்து வந்து இங்கே காட்டேஜ் வாங்கி, கரையோரப் புதர்களை வெட்டிப் புல்தரை போட்டிருந்தார்.

சங்கத்துக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை. புல்லுக்கு அவர் போடும் உரம்தான் ஏரியைக் கலக்குகிறது என்றார்கள். முதல் வருடமே உரத்தை நிறுத்திவிட்டேன் என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை.

எதிரே படகில் போகிறவர்கள் அவருக்குக் கையசைப்பதை விட்டுவிட்டார்கள். மனைவி வேரா இந்தக் கோடையில் வரவே மாட்டேன் என்று ஊரிலேயே தங்கிவிட்டாள். இலை உதிர்வதற்குள் காட்டேஜை விற்றுவிடுவது என்று அவரும் முடிவு செய்திருந்தார்.

இன்று காலை மூரியலே வந்து கதவைத் தட்டினார். வழக்கமாகப் படகோட்டும் கணவருக்கு இடுப்பில் அறுவை சிகிச்சையாம். நீங்கள் வர முடியுமா என்று கேட்டார். பிரிஸ்டுபாவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

"மறைஞ்சிடுச்சு. உங்களுக்குத் தெரியுதா?" என்றார் மூரியல்.

கயிற்றில் நான்கு மீட்டர்.

பிரிஸ்டுபா எட்டிப் பார்த்தார். வட்டு பளிச்சென்று தெரிந்தது.

மூரியல் கயிற்றின் குறியை மூக்குக்கு அருகில் கொண்டுவந்து சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

பிரிஸ்டுபாவுக்குப் புரிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் தன் மேலிருந்த பழி போய்விடும். இருபத்திரண்டு வருட வேலை மூரியலின் கைகளை விட்டும் போய்விடும்.

எனக்கும் தெரியவில்லை என்றார்.

மூரியல் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"பொய் சொல்லாதீங்க. திங்கக்கிழமை கண் டாக்டரப் பார்த்தேன். ரெண்டு கண்ணுலயும் புரை. மூணு வருஷமா இருந்திருக்கும்னாரு. அதனாலதான் வேற யாரையும் கூப்பிடாம உங்களக் கூப்பிட்டேன்."

பிரிஸ்டுபாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கயிற்றை வாங்கி மெல்ல இறக்கினார். ஐந்து மீட்டர். ஆறு. வட்டு இன்னும் தெரிந்தது. ஏழையும் தாண்டிய பிறகுதான் பச்சைக்குள் கரைந்தது.

அவர் சொன்ன எண்ணை மூரியல் எழுதிக்கொண்டார். பக்கத்தில், பார்த்தவர் பெயர் எழுத வேண்டிய கட்டத்தில், பென்சில் நின்றது.

"உங்க குடும்பப் பேர ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்க" என்றார். "புல்தரைய எடுக்கச் சொல்லி சங்கத்து பேர்ல உங்களுக்கு அனுப்பின மூணு கடிதத்துலயும் அத நான் தப்பாத்தான் எழுதியிருக்கேன்."