சிவப்புத் துணி கட்டிய தடி

நகரசபையின் விதி எளியது: வீட்டுக்கு முன்னுள்ள தீயணைப்புக் குழாயைச் சுற்றி மூன்றடிக்குப் பனியை வழித்துவைப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. தீயணைப்பு வண்டியிலிருக்கும் தண்ணீர் சில நிமிடங்களுக்குத்தான் காணும், பிறகு இந்தக் குழாய்தான் கதி. அது புதைந்தாலும் இடம் தெரியவேண்டும் என்றே பக்கத்தில் சிவப்புத் துணி கட்டிய நீளத் தடியொன்றை நடுவார்கள். எல்லாம் தெரிந்த சிவநேசன் இடுப்பளவு பனியில் சவளால் மூன்றாவது கிடங்கைத் தோண்டிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக் கூரையில் புகை தடித்துக்கொண்டு வந்தது.

"இதிலதான் இருந்தது. நல்ல ஞாபகம்."

"முதல் ரெண்டு கிடங்குக்கும் இதைத்தானே சொன்னனீங்கள்," என்றாள் மனைவி பவளராணி. "கோடையில அந்தத் தடியைப் பிடுங்காதேங்கோ எண்டு தலைப்பாடா அடிச்சன். கேட்டனீங்களே?"

"அதில படர்ந்த பாவல் நல்லாக் காய்ச்சதுதானே அப்பா," என்றார் அவர்.

அவள் பின்வளவுக்கு ஓடி, காய்ந்த பாவற்கொடி சுற்றியபடியே தடியைப் பிடுங்கிவந்தாள். இரும்பு தட்டுப்படுகிறதா என்று அவர் அதைக் கிடங்குக்குள் ஆழக் குத்தினார். மண்தான் தட்டியது. தடி இறுகி நிமிர்ந்து நின்றது, எவ்வளவு இழுத்தும் வரவில்லை. சைரன் ஒலி தெருவுக்குள் திரும்பியது. வண்டியிலிருந்து குதித்த வீரர் ஒருவர் சிவப்புத் துணியைக் கண்டதும், ரப்பர் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக அதை நோக்கி ஓடிவந்தார்.