மூங்கில் கழிக்கு ஒரு கைப்பிடி

இதனால் சகல பெற்றோருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், உட்லண்ட்ஸ் வட்டாரத்து உயர்நிலைப்பள்ளி ஒன்றில் இன்று காலை முதல் இயற்பியல், பாடப்புத்தகத்தைக் காலி செய்துவிட்டு மாணவர்களின் கைகளில் குடியேறிவிட்டது.

கண்டுபிடிப்புப் போட்டி நடந்த மண்டபத்து வாசலில் தொங்கிய பதாகை அப்படித்தான் சொன்னது. திரையை விலக்கவேண்டிய விசை வேலை செய்யாததால் சிறப்பு விருந்தினர் அதைக் கையாலேயே இழுத்துவிட்டார். இதுவும் செய்முறைக் கற்றல்தான் என்று முதல்வர் சமாளித்தார்.

ஜோசபின் கடைசி வரிசையில் நின்று கைதட்டினாள். இடது கைதான் தட்டியது. வலது கை சும்மா வாங்கிக்கொண்டது.

போன மாதம் தேவாலயத்துப் பெண்களோடு ஜோகூருக்குத் தியானத்துக்குப் போவதாக மகளிடம் சொல்லிவிட்டு அவள் போனது ஆஸ்பத்திரிக்கு. வலது மார்பிலிருந்து ஒரு கட்டியை எடுத்தார்கள். நல்ல கட்டி இல்லை.

மகள் ஜோவன்னாவுக்கு இது ஓ லெவல் பொதுத்தேர்வு வருஷம். சிங்கப்பூரில் எந்த நோயாக இருந்தாலும் ஓ லெவல் முடியும்வரை வரிசையில் நிற்கவேண்டும். புற்றுநோய்க்குக்கூடத் தனிச் சலுகை கிடையாது. கணவர் ஆர்னால்டும் அவளும் கூடிப் பேசி, அதற்குத் 'தோள்பட்டைப் பிடிப்பு' என்று பெயர் வைத்தார்கள்.

தியானம் என்று சொன்ன பொய்யைப் பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சொல்லிவிட்டாள். பரீட்சை முடியும்வரை பெண்ணுக்குத் தெரியவேண்டாம் என்று ஃபாதரும் சொன்னார். அவருடைய அக்கா மகனும் ஓ லெவல் எழுதுகிறான்.

ஆக, ஜோசபினுக்கு இன்று ஒரே பயம்தான். பெண்ணின் முன்னால் யாரும் தன்னை எதையும் தூக்கச் சொல்லிவிடக்கூடாது. வலது கை இன்னும் தோள் உயரத்துக்கு வருவதில்லை.

மண்டபத்தில் மேசைக்கு மேசை அப்பாக்களின் விஞ்ஞானம் பளபளத்தது. ஒரு பையனின் காற்றாலை அவன் அப்பாவின் பட்டறையிலிருந்து லாரியில் வந்து இறங்கியிருந்தது.

"டாடி, சுவிட்ச் எங்க?" என்று அதைக் கண்டுபிடித்தவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஜோவன்னாவின் மேசையில் அந்த ஜோடனை இல்லை. மரச் சட்டத்தில் ஒரு போலிச் சன்னல். சன்னல் விளிம்பில் பழைய ஸ்கேட்போர்டின் சக்கரங்கள். அவற்றின்மேல், அடுக்குமாடி வீடுகளில் துணி காயப்போடும் மூங்கில் கழி. உள்பக்க நுனியில் எதிர் எடையாக மணல் நிரப்பிய எண்ணெய் டப்பா. இடுப்பு உயரத்தில் ஒரு கைப்பிடி.

ஈரத்துணி தொங்கும் கழியை இரண்டு கையாலும் தூக்கி, சன்னலுக்கு வெளியே நீட்டி, வெளிச்சுவரில் உள்ள துளையில் செருகுவதற்குள் யாருக்கும் மூச்சு வாங்கும். ஒரு மாதமாக வீட்டில் அதை ஆர்னால்ட்தான் செய்கிறார், மொத்த பிளாக்குக்கும் கேட்கும்படி முனகிக்கொண்டு.

நடுவர் அழகேசன் வந்தார். 'புத்தாக்க ஆலோசகர்' என்ற அட்டை அவருக்கு முன்னால் வந்தது.

"பேரண்ட்ஸ் யாராச்சும் செஞ்சு காட்டுங்களேன்."

"அம்மா, நீங்க வாங்க."

ஜோசபின் கைப்பையை வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். "நான் எதுக்குடி? எனக்குத்தான் தோள்பட்டை..."

"சும்மா வாங்கமா. கழி ஒண்ணும் உங்களக் கடிக்காது லா."

நாலு பேர் சிரித்தார்கள். இனி மறுத்தால்தான் சந்தேகம் வரும். போனாள்.

கைப்பிடி இடதுபக்கம் இருந்தது. இடது கையால் பிடித்தாள், தள்ளினாள். கழியில் தொங்கிய ஆர்னால்டின் ஈர ஜீன்ஸும் ஒரு டவலும் ரயில் ஏறியதுபோல் வெளியே போய்ச் சேர்ந்தன. முழங்கை உயரவே இல்லை. வலது கை கைப்பையைப் பிடித்தது பிடித்தபடி இருந்தது.

மாதாவே, தப்பித்தேன் என்று நினைத்தாள். நல்ல வேளை, கைப்பிடி இந்தப் பக்கம் இருந்தது.

அழகேசன் மதிப்பெண் தாளைப் புரட்டினார். "பயனாளர் ஆய்வு எங்கம்மா? எத்தன பேர்கிட்ட கேட்ட?"

"யார்கிட்டயும் கேக்கல சார்."

அவர் பூஜ்யம் போட்டார். பிறகு, தவறு கண்டுபிடித்த பெரிய மனிதர்களுக்கே உரிய கருணையுடன் புன்னகைத்தார்.

"அதான் கோட்ட விட்டுட்ட. முக்காவாசிப் பேருக்கு ரைட் ஹேண்ட். நீயும் ரைட் ஹேண்ட்லதான் எழுதுற. கைப்பிடிய ரைட் சைட்ல வச்சு, இன்னும் கொஞ்சம் ஒசத்தியிருந்தா வசதி. டிசைன் திங்கிங்ல இது பால பாடம் இல்லையா?"

ஜோசபின் கைப்பிடியை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். இடதுபக்கம். இடுப்பளவு. அவளுடைய இடுப்பளவு, மகள் அவளைவிட ஒரு தலை உயரம்.

மகளைப் பார்த்தாள். ஜோவன்னா அம்மா பக்கம் திரும்பவில்லை. ஜீன்ஸின் சுருக்கத்தை நீவி நீவிச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுக் கிச்சன்ல ரைட் சைட்ல இடமில்ல சார். ஃபிரிட்ஜ் நிக்குது."

அழகேசனுக்கு அது நியாயமாகப் பட்டது. அரை மதிப்பெண் கூட்டிப் போட்டார்.

அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் ஹாலில் இருக்கிறது.