யார் கூப்பிட்டது?

"நீங்க எப்பவாவது போலீஸைக் கூப்பிட்டிருக்கீங்களா?"

சர்ச் ஹாலின் கடைசி வரிசையிலிருந்து வந்தது கேள்வி.

மைக்கைப் பிடித்திருந்த வெர்னெட்டா ஒரு நொடி தயங்கினாள்.

"இல்லை. ஒருநாளும் இல்லை."

ஹால் அதிரக் கைதட்டினார்கள். போலீஸ் தப்பு செய்தால் தட்டிக் கேட்க ஒரு கண்காணிப்புக் குழு. அதற்கு அந்தப் பேட்டை ஜனங்களே ஆள் தேர்ந்தெடுக்கும் முதல் தேர்தல் அது. ஸ்கூல் பஸ் ஓட்டும் வெர்னெட்டாவும் ஒரு வேட்பாளர்.

எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியது முதல் வரிசையிலிருந்த ஒடெஸா. வெர்னெட்டாவின் எதிர்வீட்டுக்காரி. தேர்தலில் நிற்கச் சொன்னதே அவள்தான்.

வெர்னெட்டா சொன்னது பொய்.

வெளியே வந்தபோது பனி கொட்டிக்கொண்டிருந்தது. பிப்ரவரி மதியம், வானமும் தரையும் ஒரே வெள்ளை. இரண்டு பேரும் நோட்டீஸ் கட்டோடு தங்கள் தெருவுக்குள் நுழைந்தார்கள்.

ஒரு மாதமாகவே வெர்னெட்டாவுக்கு எல்லாம் கனவு மாதிரிதான் இருந்தது. அடுத்தவர் வேலியில் தேர்தல் அட்டையாக நின்று தன் முகமே தன்னைப் பார்த்துச் சிரிக்கிறது. தெரியாதவர்கள் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இன்றைக்குப் பனி வேறு. முப்பது வருஷம் நடந்த தெரு, தூக்கத்தில் வரும் தெருவைப் போல மிதந்தது. காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"வெர்னெட்டா!" வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்த கிழவர் குரல் கொடுத்தார். "ஜெயிச்சா இதை அள்ள ரெண்டு போலீஸ்காரங்களை அனுப்பி வைப்பியா?"

"முதல்ல ஓட்டைப் போடுங்க மாமா. அப்புறம் பார்க்கலாம்."

ஒடெஸா சிரித்தாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்:

"காலையில கீனன் பேசினான்."

வெர்னெட்டாவின் நடை தளர்ந்தது.

கீனன் ஒடெஸாவின் ஒரே மகன். ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு ஜனவரியில், பத்தொன்பது வயதில், புத்தி கலங்கி, சட்டைகூட இல்லாமல் பனியில் நின்று கத்தினான். ஜன்னல் கண்ணாடியைக் கையாலேயே உடைத்தான். போலீஸ் வந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. கீழே தள்ளி, முதுகில் ஏறி உட்கார்ந்தார்கள். முழங்கால் நொறுங்கியது. இப்போது மெம்ஃபிஸ் நகரத்தில் தாய்மாமன் வீட்டில் இருக்கிறான். அதற்குப் பிறகு இந்தத் தெருவை மிதிக்கவேயில்லை.

"என்ன சொன்னான், அக்கா?"

"நீ நிக்கிறதுல அவனுக்கு ரொம்ப சந்தோஷம். 'அங்க இருந்தா வெர்னி ஆன்ட்டிக்குத்தாம்மா என் ஓட்டு'ன்னான். அப்புறம் வழக்கம்போல ஒரு கேள்வி. 'அன்னைக்கு யாரும்மா போலீஸைக் கூப்பிட்டது? தெரிஞ்சுதா?'"

வெர்னெட்டா நின்றுவிட்டாள். நோட்டீஸ் கட்டின் மேல் பனி விழுந்து, அச்சடித்த முகம் மெல்ல மறைந்துகொண்டிருந்தது.

"அக்கா."

"என்ன?"

"நான்தான்."

"என்னது நான்தான்?"

"அன்னைக்குக் கூப்பிட்டது. எங்க வீட்டு ஜன்னல்ல நின்னு பார்த்தேன். கையெல்லாம் ரத்தம். செத்துடுவானோன்னு பயந்துட்டேன். யாராவது வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாங்கன்னு நினைச்சேன். இப்படிப் பண்ணுவாங்கன்னு சத்தியமா..."



ஒடெஸாவின் தொப்பியிலும் தோளிலும் பனி சேர்ந்துகொண்டே இருந்தது. அடுத்த வீட்டுப் புகைபோக்கியிலிருந்து புகை நேராக மேலே போய்க் காணாமல் போனது.

"ஒன்பது வருஷமா இதை வச்சுக்கிட்டா எனக்கு எதிர்வீட்டுல இருந்தே?"

"தினம் உங்க வாசல் தெரியுதே, அக்கா. ஒரு நாள்கூட நிம்மதியாத் தூங்கல. இன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி பொய் வேற சொன்னேன். அந்த நாற்காலியில உட்கார எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? திங்கட்கிழமை போய் விலகிக்கிறேன்னு எழுதிக் கொடுத்துடறேன். கீனன்கிட்ட நானே பேசறேன். அவன் என்ன திட்டினாலும் வாங்கிக்கிறேன்."

அழுகையை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

ஒடெஸா கையுறையைக் கழற்றினாள். வெறும் கையால் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"விலகாதே, வெர்னி. பிள்ளைக்கு ஆபத்துன்னா உதவிக்கு ஆள் கூப்பிடத்தான் செய்வோம். நாம கூப்பிட்டது தப்பில்ல. வந்தவங்க நடந்துக்கிட்டதுதான் தப்பு. அதைக் கேட்கத்தான் உன்னை நிக்கச் சொன்னேன்."

வெர்னெட்டா நிமிர்ந்து பார்த்தாள்.

"நாமளா?"

ஒடெஸா தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை.

"நீ கூப்பிட்டப்போ என்ன சொன்னாங்க?"

"வேற அவசர வேலை இருக்கு, ரெண்டு மணி நேரம் ஆகும்னாங்க. ஆனா பத்தே நிமிஷத்துல நாலு காரு வந்து நின்னுச்சு. அது எப்படின்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல."

ஒடெஸா கழற்றிய கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"எனக்கும் ரெண்டு மணி நேரம்னுதான் சொன்னாங்க, கண்ணு. சீக்கிரம் வரட்டும்னு... பையன் கையில துப்பாக்கி இருக்குன்னு சொல்லிட்டேன்."