வாய்விட்டுப் படித்த பெயர்

மதிய வெயில் ஜன்னல் வழியே வந்து லேப்டாப்பின் கறுப்புத் திரையில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் அவளுடைய இடது தோளில், காய்ச்சலில் துவண்ட மகள் இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறாள். வேலைக்கு இன்று ஒரு கைதான். எங்கோ கிளவுடில் கிடக்கும் சோதனை டேட்டாபேஸ் ஒன்றை அழிக்க வேண்டும். ஒற்றைக் கையால் அடித்து மாளாது என்று மேல் அம்புக்குறியைத் தட்டி, காலையில் நிலவரம் பார்க்கப் போட்ட பழைய கட்டளையையே வரவழைக்கிறாள். பார்க்கும் சொல்லை எடுத்துவிட்டு அழிக்கும் சொல்லைப் போடுகிறாள். விரல் என்டருக்குப் போய்விடுகிறது. ஆனால் அழிக்கும் முன் பெயரை இன்னொருவர் காதுபடப் படிப்பது அவர்கள் குழுவின் வழக்கம். அவளுடன் வேலை பார்ப்பவன் போனில் காத்திருக்கிறான். "படிங்கக்கா." குழந்தை விழித்துவிடாமல் கிசுகிசுக்கிறாள்: "ஆஸ்பத்திரி... நோயாளிகள்..." கடைசிச் சொல்லை இன்னொரு முறை பார்க்கிறாள். "...லைவ்." சோதனை இல்லை, இந்த நிமிஷம் டாக்டர்கள் திறந்து வைத்திருக்கும் பதிவுகள். காலைக் கட்டளையில் இருந்த பெயரை மாற்றவே மறந்திருக்கிறாள். சூடு பட்டதுபோல் விரல் விலகுகிறது. மறுமுனையில் இருப்பவன் திட்டிக் கிழிக்கப்போகிறான் என்று கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள். "பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுச்சாக்கா?" என்கிறான் அவன். மகளின் நெற்றியில் கன்னத்தை வைத்துப் பார்க்கிறாள். "வேர்த்து விட்டுடுச்சுடா," என்கிறாள். கன்னத்தில் ஒட்டிய ஈரம் மகளுடையதா தன்னுடையதா என்று தெரியவில்லை.